ஐம்பத்தாறு நாள் விருந்தாளிகள்

ரக்பி விளையாட்டில் ஒரு தேசிய அணி மேற்கொள்ளும் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் என்பது, இரண்டு மூன்று பன்னாட்டுப் போட்டிகளை ஆடிவிட்டு விமானம் ஏறும் இன்றைய வழக்கத்திலிருந்து பெரிதும் வேறுபட்ட ஓர் ஏற்பாடாக நெடுங்காலம் இருந்துவந்தது. முப்பது பேர் அளவிலான ஆட்டக்காரர்கள், மேலாளரோடும் பயிற்சியாளரோடும் மாதக்கணக்கில் அயல்நாட்டில் தங்கி, ஊர் ஊராகப் போய், வாரத்தின் நடுவில் ஓர் உள்ளூர் அணியோடும் சனிக்கிழமையில் இன்னும் வலுவான ஓர் அணியோடும் ஆடி, இடையிடையே அந்நாட்டின் தேசிய அணியைச் சந்திப்பர். கிரிக்கெட்டில் ஐந்து நாள் ஆட்டத்துக்கு வழங்கும் 'டெஸ்ட்' என்ற பெயர், ரக்பியில் இரு நாட்டுத் தேசிய அணிகள் எண்பது நிமிடம் மோதும் ஆட்டத்துக்கு உரியது. 1987 வரை ரக்பிக்கு உலகக் கோப்பை இல்லாததாலும், 1995 வரை ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறாத அமெச்சூர்களாகவே இருந்ததாலும், உழவரும் ஆசிரியரும் எழுத்தரும் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு செல்லும் இந்தச் சுற்றுப்பயணமே ஒரு நாட்டின் ரக்பித் திறனை அளக்கும் உச்சக்கட்டச் சோதனையாகக் கருதப்பட்டது.

ஊர் ஊராகப் போகும் இந்த அமைப்பே, 1981 ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்னாப்பிரிக்க அணி நியூசிலாந்தில் மேற்கொண்ட பயணத்தை விளையாட்டு வரலாற்றிலிருந்து நாட்டின் அரசியல் வரலாற்றுக்குக் கொண்டுபோனது. ஒரே மைதானத்தில் ஒரே நாளில் முடிந்துபோகும் போட்டியாக இருந்திருந்தால் தலைநகரத்துத் தகராறாக அடங்கியிருக்கக்கூடிய பிரச்சினை, விருந்தாளிகள் போன ஊருக்கெல்லாம் கூடவே போனது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த விருந்து ஐம்பத்தாறு நாள் நீடித்தது.

கறுப்புச் சட்டையும் மான் சின்னமும்

அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனில், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது என்பதால், பந்தை வைத்திருப்பவர் தமக்குப் பக்கத்திலோ பின்னாலோ வரும் கூட்டாளிக்கே அதைக் கொடுக்க முடியும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்துவது 'டிரை' எனப்படும். 1981இல் நடைமுறையில் இருந்த விதிப்படி அதற்கு நான்கு புள்ளிகளும், அதையடுத்துக் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் மேலும் இரண்டு புள்ளிகளும் கிடைத்தன. எதிரணி விதி மீறும்போது வழங்கப்படும் 'பெனால்டி' உதைக்கு மூன்று புள்ளிகள்.

இந்த ஆட்டத்தில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் மாறி மாறி முதலிடம் கோரிய நாடுகள் இரண்டு. கறுப்புச் சீருடையால் 'ஆல் பிளாக்ஸ்' என்று பெயர்பெற்ற நியூசிலாந்து ஒன்று. தென்னாப்பிரிக்கச் சமவெளிகளில் துள்ளித் திரியும் ஒரு மானின் பெயரால் 'ஸ்பிரிங்பாக்ஸ்' என்று அழைக்கப்பட்ட தென்னாப்பிரிக்கா மற்றொன்று. 1921இல் நியூசிலாந்து மண்ணில் தொடங்கிய இவர்களுடைய முதல் தொடர் ஆளுக்கொரு வெற்றியும் ஒரு சமனுமாக முடிந்தது. 1937இல் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்திலேயே தொடரை வென்றது. 1949இல் தன் சொந்த மண்ணில் நான்கு டெஸ்டுகளையும் கைப்பற்றியது. 1956இல் நியூசிலாந்து கணக்கைத் தீர்த்துக்கொண்டது. எனினும் தென்னாப்பிரிக்காவில் ஒரு தொடரை வெல்வது மட்டும் 1981 வரை ஆல் பிளாக்ஸுக்குக் கைகூடவில்லை. முப்பது லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட ஒரு சிறிய நாட்டுக்கு, உலகின் கண்ணில் படும் பெருமையாக ரக்பியே இருந்ததால், ஸ்பிரிங்பாக்ஸுடனான கணக்கு சந்ததி சந்ததியாக வீட்டுக்கு வீடு பேசப்பட்டது.

அழைப்பிதழில் இல்லாத பெயர்கள்

இந்தப் போட்டியின் அடியில், தொடக்கத்திலிருந்தே தீராத ஒரு கேள்வி கிடந்தது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அந்நாட்டு ரக்பியின் தூண்களாக இருந்தவர்கள். தென்னாப்பிரிக்காவின் வெள்ளை ஆட்சியோ, 1948இல் 'அப்பார்தைட்' என்ற பெயரில் இன ஒதுக்கலை அரசுக் கொள்கையாக்குவதற்கு வெகுகாலம் முன்பே, வெள்ளையர் அல்லாதவரோடு தன் தேசிய அணி சமமாக ஆடுவதை விரும்பவில்லை. 1924-25இல் ஒரு தோல்வியும் காணாமல் பிரிட்டனைச் சுற்றிவந்த ஆல் பிளாக்ஸ் அணியில் எல்லா ஆட்டங்களிலும் களமிறங்கிய ஜார்ஜ் நெப்பியா, 1928இல் தென்னாப்பிரிக்கா சென்ற அணியில் இடம்பெறவில்லை, ஏனெனில் அவர் மாவோரி. 1949ஆம் ஆண்டுப் பயணத்திலும் 1960ஆம் ஆண்டுப் பயணத்திலும் அதுவே நடந்தது. விருந்துக்கு அழைப்பவர் இன்னின்னாரை அழைத்துவராதீர்கள் என்று சொல்ல, அழைக்கப்பட்டவரும் தம் வீட்டுப் பிள்ளைகளில் சிலரை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் புறப்பட்டதற்கு ஒப்பானது இது.

1960ஆம் ஆண்டுப் பயணத்துக்கு முன், மாவோரியர் இல்லையேல் பயணமும் இல்லை என்ற முழக்கத்தோடு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு எழுந்தது. அந்த மார்ச்சில் ஷார்ப்வில் என்ற ஊரில் தென்னாப்பிரிக்கக் காவல்துறை 69 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தது. ஆயினும் வெள்ளையர் மட்டுமே கொண்ட அணி கிளம்பியது. 1967ஆம் ஆண்டுக்கான பயணத்தை இதே காரணத்தால் நியூசிலாந்து ரக்பி யூனியனே கைவிட நேர்ந்தது. 1970இல் தென்னாப்பிரிக்கா ஒரு படி இறங்கிவந்து, மாவோரி, சமோவா வம்சாவளி ஆட்டக்காரர்களைக் 'கௌரவ வெள்ளையர்' என்ற தகுதியில் நாட்டுக்குள் அனுமதித்தது. மனிதரின் தோலை மாற்றாமல் தாளில் நிறத்தை மட்டும் மாற்றிய இந்தச் சலுகை, எதிர்ப்பாளர்களின் வாதத்துக்கு வலுச் சேர்த்ததே தவிர வேறொன்றையும் சாதிக்கவில்லை.

1973இல் ஸ்பிரிங்பாக்ஸ் நியூசிலாந்துக்கு வருவதாக இருந்த பயணத்தை, தொழிற்கட்சிப் பிரதமர் நார்மன் கிர்க் தடுத்து நிறுத்தினார். அதற்குப் பின் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சிப் பிரதமர் ராபர்ட் மல்டூன், விளையாட்டு வேறு அரசியல் வேறு என்ற நிலைப்பாட்டை மேற்கொண்டதால், 1976இல் ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்கா சென்றனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சொவெட்டோ நகரப் பள்ளி மாணவர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தி, நாடெங்கும் கலவரம் பரவியிருந்த வேளை அது. நியூசிலாந்தை மான்ட்ரீல் ஒலிம்பிக்கிலிருந்து விலக்க வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படாததால், இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. ரக்பி ஒலிம்பிக் விளையாட்டாகவே இல்லாத காலத்தில், ஒரு ரக்பிப் பயணம் ஒலிம்பிக்கையே பிளந்தது. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் கூடிய காமன்வெல்த் தலைவர்கள், தென்னாப்பிரிக்காவோடு விளையாட்டுத் தொடர்பைத் தத்தம் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டுத் தடுக்க முயல்வதாக உடன்பட்டனர். மல்டூனும் அதில் ஒப்பமிட்டார்.

இத்தகைய புறக்கணிப்பின் விலையைத் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களும் கொடுத்திருக்கின்றனர். சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் முன்னின்று ஆடிய இந்திய டென்னிஸ் அணி, 1974இல் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குத் தகுதிபெற்றும், எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால் ஆடாமலே கோப்பையை விட்டுக்கொடுத்தது. இன ஒதுக்கலுக்கு எதிரான விளையாட்டுப் புறக்கணிப்பை லண்டனிலிருந்து வழிநடத்தியவர்களுள் முதன்மையானவர், டர்பன் நகரில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சாம் ராம்சாமி. விளையாட விரும்பியவர்களே விளையாட்டை விட்டுக்கொடுத்த இத்தகைய முன்மாதிரிகள் இருந்தமையால், நியூசிலாந்தின் முடிவை உலகம் கூர்ந்து கவனித்தது.

வருகை

செஸ் பிளேசி தலைமையிலான நியூசிலாந்து ரக்பி யூனியன் ஸ்பிரிங்பாக்ஸை அழைத்தபோது, தடை விதிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்த மல்டூன் மறுத்து, முடிவை யூனியனின் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். ஆல் பிளாக்ஸ் அணித் தலைவரும் தாரநாக்கிப் பகுதி உழவருமான கிரஹாம் மூரி, இந்தத் தொடரில் ஆடப்போவதில்லை என்று அறிவித்ததால், ஆண்டி டால்டன் தலைமை ஏற்றார். ஆஸ்திரேலிய அரசு தன் மண்ணில் இறங்க அனுமதி மறுத்ததால், விருந்தாளிகள் அமெரிக்கா வழியாகச் சுற்றிக்கொண்டு ஜூலை 19 அன்று வந்து சேர்ந்தனர். ஆக்லாந்தில் நடக்கவிருந்த காமன்வெல்த் நிதியமைச்சர்களின் கூட்டம் பஹாமாஸுக்கு இடம் மாற்றப்பட்டது.

வைனண்ட் கிளாசன் தலைமையில் வந்த அணியில், தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் ஆடிய முதல் வெள்ளையரல்லாத ஆட்டக்காரரான எரல் டோபயாஸ் இடம்பெற்றிருந்தார். துணை மேலாளர் ஏப் வில்லியம்ஸும் வெள்ளையர் அல்லர். மாற்றம் தொடங்கிவிட்டதற்கு இவர்களைச் சான்றாக ஒரு தரப்பு காட்ட, காட்சிக்கு வைக்கப்பட்டவர்கள் என்று மறுதரப்பு சொன்னது. நியூசிலாந்தில் நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலும் டோபயாஸ் களமிறக்கப்படவில்லை.

எதிர்ப்பியக்கத்தின் மையமாக இருந்தது, 1969இல் தொடங்கப்பட்ட 'ஹார்ட்' என்ற அமைப்பு. இனவெறிச் சுற்றுப்பயணங்கள் அனைத்தையும் நிறுத்துக என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. ஜான் மின்ட்டோ போன்ற இளைஞர்கள் முன்னின்ற இந்த இயக்கத்தில், பல்கலைக்கழக மாணவர், தேவாலயத்தார், தொழிற்சங்கத்தார், மாவோரி அமைப்பினர் எனப் பலரும் இணைந்தனர். பெண்கள் பெருமளவில் பங்கேற்றனர். பயணத்தை ஆதரித்தவர்களோ அனைவரும் இன ஒதுக்கலை ஆதரித்தவர்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த ஆட்டத்தைக் காண விரும்பியவர்கள், யாரோடு விளையாடுவது என்பதைச் சட்டத்துக்கு உட்பட்டுத் தாமே முடிவு செய்யத் தமக்கு உரிமை உண்டு என்று நம்பியவர்கள், நகரத்துப் படிப்பாளிகள் தமக்குப் பாடம் நடத்துவதை வெறுத்த சிற்றூர்க்காரர்கள் எனப் பல வகையினர் அவர்களுள் இருந்தனர்.

ஊர் ஊராக

பயணத் திட்டத்தில் பதினாறு ஆட்டங்கள் இருந்தன. வடக்குத் தீவின் கிழக்குக் கரையில் உள்ள கிஸ்போர்னில் தொடங்கி, ஹாமில்டன், நியூ பிளைமவுத், பால்மர்ஸ்டன் நார்த், வாங்கனூய் வழியாகத் தெற்குத் தீவின் கடைக்கோடியான இன்வர்கார்கில் வரை இறங்கி, டனீடின், கிரைஸ்ட்சர்ச், நெல்சன் வழியாக மீண்டும் வடக்கே ஏறி, நேப்பியர், வெலிங்டன், ரொட்டோருவா, வாங்கரேய், ஆக்லாந்து என்று முடிந்த இந்தப் பாதையை வரைபடத்தில் கோடிட்டுப் பார்த்தால், நாட்டின் முக்கியமான ஊர்களில் விடுபட்டவை மிகக் குறைவு. விளையாட்டுப் பெருமையைச் சிற்றூர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்க முன்னோர் வகுத்த ஏற்பாடு, இப்போது இன ஒதுக்கல் பற்றிய வாதத்தை அவ்வூர்களின் வீதிகளுக்குக் கொண்டுசேர்த்தது. தொலைதூர நாட்டுச் செய்தி என்று ஒதுங்கியிருக்க எந்த ஊருக்கும் வாய்ப்பு இல்லாமற்போனது.

ஜூலை 22 அன்று கிஸ்போர்னில் வேலியைப் பிரித்துக்கொண்டு நுழைய முயன்றவர்கள் தடுக்கப்பட்டு, ஆட்டம் நடந்தது. மூன்று நாள் கழித்து ஹாமில்டனில் நிலைமை மாறியது. முந்நூற்றைம்பது பேர் அளவில் வேலியைச் சாய்த்து மைதானத்தின் நடுவே சென்று, கைகோத்து நின்றனர். காவல்துறை ஒரு மணி நேரத்தில் ஐம்பது பேரளவில் கைது செய்த நிலையில், போராட்டக்காரர் ஒருவர் ஓட்டிவரும் சிறு விமானம் மைதானத்தை நோக்கி வருவதாகத் தகவல் கிடைத்ததும், காவல்துறை ஆணையர் பாப் வால்டன் ஆட்டத்தை ரத்து செய்தார். ஏமாந்த ரசிகர்கள் பாட்டில்களை எறிந்தனர். வெளியேறிய போராட்டக்காரர்கள் அடிபட்டனர். இந்த ஆட்டம் தென்னாப்பிரிக்காவில் நேரலையாக ஒளிபரப்பாக இருந்ததால், 1976இல்தான் தொலைக்காட்சியைக் கண்டிருந்த அந்நாட்டு வெள்ளையர்கள் விடியலுக்கு முன்பே எழுந்து காத்திருந்து, ஸ்பிரிங்பாக்ஸுக்குப் பதிலாக அவர்களை ஆடவிடாமல் நிற்கும் கூட்டத்தைக் கண்டனர். அதே செய்தி ராபன் தீவுச் சிறையையும் எட்டியது. அப்போது சூரியனே வெளிப்பட்டதுபோல் இருந்தது என்று நெல்சன் மண்டேலா பின்னாளில் நியூசிலாந்துக்காரர்களிடம் நினைவுகூர்ந்தார்.

ஹாமில்டனுக்குப் பின் இரு தரப்பும் கடினப்பட்டன. ஜூலை 29 அன்று வெலிங்டனின் மோல்ஸ்வொர்த் தெருவில், தென்னாப்பிரிக்கத் தூதரக அதிகாரியின் இல்லத்தை நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் மீது காவல்துறை தடியடி நடத்தியது. துப்பாக்கி ஏந்தாத காவலரைக் கண்டு பழகிய மக்கள், தலைக்கவசமும் நீண்ட தடியும் தாங்கிய 'சிவப்புப் படை', 'நீலப் படை' என்னும் சிறப்புப் பிரிவுகளைக் கண்டனர். ஊர்வலத்தினரும் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் அணிந்து, அட்டையையும் மரப்பலகையையும் கேடயமாக ஏந்தத் தொடங்கினர். மைதானங்களைச் சுற்றி முள்கம்பிச் சுருள்கள் எழுந்தன. டிமாருவில் நடக்க வேண்டிய ஆட்டம் பாதுகாப்புக் கருதிக் கைவிடப்பட்டது. ஒரே வீட்டில் தந்தை ஆட்டத்துக்கும் மகள் ஊர்வலத்துக்கும் புறப்பட்டதும், நெடுநாள் நண்பர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதும் அந்தக் குளிர்காலத்தில் அரிய நிகழ்ச்சிகளாக இல்லை.

மாவு பொழிந்த மைதானம்

இத்தனைக்கும் நடுவே ஆடப்பட்ட ரக்பி, தரத்தில் குறைந்ததாக இல்லை என்பது இந்தப் பயணத்தின் முரண். ஆகஸ்ட் 15 அன்று கிரைஸ்ட்சர்ச்சில் நடந்த முதல் டெஸ்டை நியூசிலாந்து 14-9 என்ற கணக்கில் வென்றது. நேப்பியரில் நியூசிலாந்து மாவோரி அணியோடு நடந்த ஆட்டம் 12-12 என்று சமனானது. ஆகஸ்ட் 29 அன்று வெலிங்டனில் நாஸ் போத்தாவின் உதைகள் கைகொடுக்க, தென்னாப்பிரிக்கா 24-12 என்று இரண்டாம் டெஸ்டை வென்றது. தொடரை முடிவு செய்யும் மூன்றாம் டெஸ்ட் செப்டம்பர் 12 அன்று ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில் நடந்தது.

வெளியே தெருக்களில் காவலர்களும் போராட்டக்காரர்களும் மோதிக்கொண்டிருக்க, மார்க்ஸ் ஜோன்ஸ் ஓட்டிய ஒரு சிறிய செஸ்னா விமானம் மைதானத்தின் மீது மீண்டும் மீண்டும் தாழப் பறந்து, மாவுப் பொட்டலங்களையும் துண்டறிக்கைகளையும் வீசியது. ஒரு பொட்டலம் ஆல் பிளாக்ஸ் ஆட்டக்காரர் கேரி நைட்டின் மேல் விழுந்து அவரைத் தரையில் சாய்த்தது. வேல்ஸ் நாட்டு நடுவர் கிளைவ் நார்லிங் ஆட்டத்தைத் தொடரவிட்டார். ரே மோர்ட் தம் மூன்றாவது டிரையை அடித்து 22-22 என்று சமன்செய்த பின், முன்னிலை தந்திருக்கக்கூடிய உதையைப் போத்தா தவறவிட, காயங்களால் வீணான நேரத்துக்கு ஈடாகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் ஆலன் ஹியூசன் ஒரு பெனால்டியைக் கம்பங்களுக்கிடையே செலுத்தினார். 25-22 என்ற கணக்கில் தொடர் நியூசிலாந்துக்கு வந்தது. நாடே காத்திருந்த அந்த வெற்றியை நாட்டில் பாதிப்பேரால் கொண்டாட முடியவில்லை.

ஸ்பிரிங்பாக்ஸ் திரும்பும் வழியில் அமெரிக்காவில் இறங்கி, நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிற்றூரில், இடமும் நேரமும் மறைக்கப்பட்ட நிலையில், விரல்விட்டு எண்ணத்தக்க பார்வையாளர் முன்னிலையில் அமெரிக்க அணியோடு ஒரு டெஸ்ட் ஆடினர். மைதானம் நிறைந்த கூட்டத்துக்குப் பழகிய ஓர் அணி ஒளிந்து ஆட நேர்ந்ததைவிடத் தெளிவாக அதன் தனிமையைக் காட்ட வேறு சான்று தேவையில்லை.

வீட்டுக்குள் திரும்பிய கேள்வி

ஐம்பத்தாறு நாட்களில் 28 ஊர்களில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஆயிரத்து ஐந்நூறு பேர் மீது வழக்குகள் பதிவாயின. ஆனாலும் நவம்பர் 28 அன்று நடந்த பொதுத்தேர்தலில், 92 இடங்களில் 47ஐப் பெற்று மல்டூன் ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டார்; மொத்த வாக்குகளில் தொழிற்கட்சி சற்றே முந்தியிருந்தும், ரக்பியை உயிராக நேசித்த சிற்றூர்த் தொகுதிகள் அவரைக் கைவிடவில்லை. உடனடிக் கணக்கில் பார்த்தால், மைதானத்தில் நியூசிலாந்தும் வாக்குச்சாவடியில் மல்டூனும் வென்றனர்.

நீண்ட காலக் கணக்கு வேறாக இருந்தது. 1985இல் ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்கா செல்லத் திட்டமிட்டபோது, ரக்பி யூனியனின் சொந்த விதிகள் விளையாட்டின் நலனைப் பேணுமாறு கட்டளையிடுகின்றன, இந்தப் பயணமோ அந்நலனுக்கு ஊறு செய்யும் என்று உள்ளூர் ரக்பிக் கழக உறுப்பினர் இருவர் நீதிமன்றம் சென்று, இடைக்காலத் தடை பெற்றனர். மறு ஆண்டு 'கேவலியர்ஸ்' என்ற பெயரில் யூனியனின் ஒப்புதலின்றிச் சென்ற அணியோடு சேர டேவிட் கிர்க், ஜான் கிர்வன் ஆகிய இருவரும் மறுத்தனர். தென்னாப்பிரிக்கா இடம்பெறாத 1987ஆம் ஆண்டின் முதல் உலகக் கோப்பையை நியூசிலாந்து வென்றபோது அணித் தலைவராக நின்றவர் அதே கிர்க். இன ஒதுக்கல் சட்டங்கள் தகர்ந்த பிறகு, 1992இல் ஜோஹன்னஸ்பர்க்கில் இரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. 1995இல் உலகக் கோப்பையை வென்ற தென்னாப்பிரிக்க அணித் தலைவரிடம் கோப்பையை வழங்கியபோது, குடியரசுத் தலைவர் மண்டேலா ஸ்பிரிங்பாக் சட்டையை அணிந்திருந்தார்.

இவை அனைத்தினும் ஆழமான விளைவு நியூசிலாந்துக்குள்ளேயே நிகழ்ந்தது. ஊர்வலங்களில் தோளோடு தோள் நின்ற மாவோரியர், கடலுக்கு அப்பால் உள்ள கறுப்பின மக்களுக்காகத் தடியடி படத் துணிந்தவர்கள், இங்கே பறிக்கப்பட்ட எங்கள் நிலத்துக்காக எத்தனை நாள் தெருவில் நிற்பீர்கள் என்று கேட்டனர். ஆக்லாந்தின் பாஸ்டியன் பாயின்ட்டில் தம் மூதாதையர் நிலத்தைக் காக்க 506 நாட்கள் அமர்ந்திருந்தவர்களைக் காவல்துறை வெளியேற்றி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அக்கேள்விக்கு முழுவிடை கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. எனினும் மாவோரியரின் குறைகளை விசாரிக்க 1975இல் அமைக்கப்பட்ட வைதாங்கி நடுவர் மன்றத்தின் அதிகார வரம்பு, 1985இல் 1840ஆம் ஆண்டு வரை பின்னோக்கி நீட்டிக்கப்பட்டது.

ரக்பிக்குள் இருந்த பழைய கடன் அதைவிடத் தாமதமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. தென்னாப்பிரிக்கப் பயணங்களில் மாவோரி ஆட்டக்காரர்களை விட்டுச்சென்றதற்காக நியூசிலாந்து ரக்பி யூனியன் 2010இல்தான் மன்னிப்புக் கேட்டது. 1928இல் வாசலில் நிறுத்தப்பட்ட ஜார்ஜ் நெப்பியா அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தார்.